வயசுக்கு வராதவள்

தவமலருக்குக் கலியாணம் சரிவந்த செய்தி, கொழும்பு வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையின் காலி வீதி முனையிலிருந்து கடற்கரை முனைக்குப் போய்ச்சேர ஒரு பானை சோறு வேகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை கனடா. அதில் ஒருவருக்கும் வியப்பில்லை. அந்த ஒழுங்கையில் மாப்பிள்ளை என்றால் கனடா, தவறினால் சுவிஸ். பெண்ணுக்கு முப்பது நடக்கிறது என்று சொன்னார்களே, அதுதான் தொண்டையில் நின்றது. நாகேஸ்வரியின் தங்கச்சிக்கு முப்பதா என்று யாரும் வாய்திறந்து கேட்கவில்லை. புருவத்தால் கேட்டார்கள்.

புருவங்களில் பிழை இல்லை. தவமலருக்கு நடந்துகொண்டிருந்தது முப்பத்தைந்து. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஓடியபோது சாதகம் வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அக்கா நாகேஸ்வரி பம்பலப்பிட்டியில் ஒரு சாத்திரியாரைப் பிடித்துப் புதிதாக எழுதுவித்திருந்தாள். சாத்திரியார் கைகாரர். நட்சத்திரத்தைத் தொடவில்லை, கிழமையைத் தொடவில்லை, ஆண்டை மட்டும் ஐந்து முன்னே தள்ளினார். அதற்காகக் கும்பத்தில் சும்மா இருந்த சனியை எழுப்பி, இரண்டு வீடு நடத்தி, மேடத்தில் கொண்டுபோய் இருத்தவேண்டி வந்தது. சனமெல்லாம் இடம்பெயர்ந்த காலத்தில் சனி மட்டும் பெயராமல் இருக்கலாமா என்று அவர் கேட்டாராம்.

அந்தச் சாதகம்தான் பொருந்தியது. பொருத்தம் பார்த்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா, சரோஜினிதேவி ரீச்சர். தவமலர், அக்கா வீட்டோடு இருந்த அதே மாடிக்கட்டடத்தில், தலைக்கு நேர்மேலே குடியிருந்தார். முப்பது வருசம் கணக்குப் படிப்பித்து இளைப்பாறியவர். படிப்பிப்பதை விட்டாரே தவிரக் கணக்குப் பார்ப்பதை விடவில்லை. யார் வீட்டில் எந்த மாதம் கலியாணம் நடந்தது, எந்த மாதம் பிள்ளை பிறந்தது, இடையில் எத்தனை மாதம் உதைக்கிறது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். ஆவணியில் கலியாணம் என்று நாள் குறித்து, மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனை விமானத்துக்கு ரிக்கற் போடவைத்தவரும் அவர்தான்.

ஆனால் தவமலரின் உயிரைத் தின்றுகொண்டிருந்தது அந்த ஐந்து வருசம் அல்ல.

சித்திரை வருசப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகும்போது, இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கிட்ட, கையில் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நோகவில்லை. நோகாதது நல்லது என்று நினைத்தாள். வைகாசியில் அது கோதோடு ஒரு கச்சான் கடலை அளவாயிற்று. ஆனியில் அதற்கு ஒப்புச் சொல்ல ஒரு கொட்டையும் தேடுவதை விட்டுவிட்டாள். குளிக்கும்போது இடதுபக்கத்தைச் சவர்க்காரம் போடாமலே கழுவப் பழகினாள்.

யாரிடம் சொல்வது? காலி வீதியில் டொக்டர் இருந்தார். அங்கே மருந்து கட்டிக் கொடுக்கிற பெண் ரீச்சரின் பழைய மாணவி. அக்காவிடம் சொன்னால் அக்கா அன்றைக்கே அத்தான் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள்; அத்தானுக்குச் சொன்னது அவருடைய வங்கி முழுவதுக்கும் சொன்னது. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் வாசலிலேயே என்ன வருத்தம் என்று கேட்பார்கள், நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும். அந்த வருத்தத்துக்கு வெள்ளவத்தையில் பெயரே கிடையாது. ‘அவ மகரகமவுக்குப் போறா’ என்பார்கள், அவ்வளவுதான். மகரகமவில் புற்றுநோய் ஆஸ்பத்திரி மட்டுமா இருக்கிறது? சந்தை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, நல்ல உடுப்புக்கடைகளும் இருக்கின்றன. ஆனால் வெள்ளவத்தையில் அது ஊரின் பெயர் அல்ல. ஒரு வீட்டில் மகரகம புகுந்துவிட்டது என்றால், அந்த வீட்டுக் குமருகளுக்குச் சாதகம் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அக்காவுக்கு ஒரு மகள் இருந்தாள். தர்சினி, பதினாலு வயது.

சொல்லாமலே ஆவணி வரைக்கும் தள்ளிவிட்டால்? கலியாணத்துக்குப் பிறகு விசாவுக்கு மெடிக்கல் எடுப்பார்கள். அங்கே பிடிபட்டால் கட்டினவன் கனடாவில், கட்டி கொழும்பில். அதற்கும் முன்னதாக வேறு ஒன்று நடந்துவிடலாம் என்கிற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தை மினுக்குவாள். அந்த மாதங்களில் நாகேஸ்வரி வீட்டுப் பாத்திரங்கள் மினுங்கியதை ஒழுங்கையே பார்த்தது. கலியாணப் பூரிப்பு என்றார்கள்.

வழிகாட்டியவள் மாக்ரெட். காலி வீதியில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுக்கிற ஒரு ‘கொமியூனிகேஷன்’ கடையில் தவமலரும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மாக்ரெட் கொழும்பின் வடக்குமுனையில் இருக்கிற கொட்டாஞ்சேனைக்காரி. அவர்கள் பக்கத்தில் ஒரு மாதர் சங்கம் மண்டபம் எடுத்து, பெண்களுக்கு இலவசமாகப் புற்றுநோய் சோதிக்கிற கிளினிக் வைக்கிறது என்று தன்பாட்டில் ஏதோ கதையில் சொன்னாள். முப்பத்தைந்திலிருந்து அறுபது வயது வரைக்கும் யாரும் போகலாம். சுகமாய் இருக்கிறவர்கள்தான் போகிறார்கள். லேடி டொக்டர் தொட்டுப் பார்ப்பார், ஒன்றும் இல்லையென்றால் அனுப்பிவிடுவார்.

வெள்ளவத்தையிலும் அப்படி ஒரு கிளினிக் நடக்கத்தான் செய்தது. அந்த ஒழுங்கையிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. போனால் வயதைப் பலகையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்ட மாதிரி. வெள்ளவத்தையில் முப்பத்தைந்து தாண்டிய பெண்களே இல்லையென்று அதை நடத்தியவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள்.

தவமலருக்குப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான்: தொட்டுப் பார்ப்பார். அவளாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சும்மா சோதிக்க வந்தவள் போலப் போவாள். டொக்டரின் கையில் தானாகவே தட்டுப்படும். அவளும் அப்போதுதான் அறிந்தவள் போல முழிப்பாள். கட்டி இருக்கிறது என்று தன் வாயால் சொன்னவள் என்ற பெயர் வராது. வயதும் முப்பத்தைந்து நடக்கிறதுதானே. ஐந்து வருசமாகக் குறைத்துக் குறைத்துச் சொன்ன வயது முதல்தடவையாக ஒரு உதவிக்கு வந்தது.

“வியாழக்கிழமை காலையில வந்துருங்க அக்கா. அங்க உங்கள ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள் மாக்ரெட்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டாம் கண்ணாடிக் கூட்டுக்குள் ரீச்சர் நின்று கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். கனடா பேசுவதைக் கையால் பொத்திவிட்டுக் கடை பேசுவதைக் கேட்பது ரீச்சருக்குக் கைவந்த கலை. வியாழக்கிழமை, காலை, ஒருத்தருக்கும் தெரியாத இடம். மூன்று தரவு போதும். விடை ஒரு ஆண்பிள்ளை.

வியாழக்கிழமை பஸ்ஸில் தவமலர் முன்சீற்றில் இருந்தாள். ரீச்சர் கடைசிச் சீற்றில், மூக்குவரைக்கும் சேலைத்தலைப்போடு. ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்த வருசம் அது, இரண்டாயிரம். வழியில் இரண்டு இடத்தில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் தவமலர் ஐசியை நீட்டும்போது பெருவிரலை அந்த இரண்டு இலக்கத்தின்மேல் வைத்துத்தான் நீட்டுவாள். ஆமிக்காரனுக்கு அவளுடைய வயதில் அக்கறை இல்லை, பிறந்த ஊரில்தான் அக்கறை. விரலை எடுக்கச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

மண்டபத்தில் வரிசையாய்ப் போட்ட வாங்குகள் நிறையப் பெண்கள். மூலையில் கயிறு கட்டிப் படுக்கைவிரிப்பால் மறைத்திருந்தார்கள். மாக்ரெட் அவளை வாசலில் விட்டுவிட்டுக் கடை திறக்க ஓடிவிட்டாள். சுவரில் இரண்டு பாஷையில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: முப்பத்தைந்து வயது பூர்த்தியான பெண்களுக்கு.

பூர்த்தியான. அந்தச் சொல்லை அவள் திரும்ப ஒருமுறை படித்தாள். நடப்பதும் பூர்த்தியாவதும் ஒன்றா? கலியாணப் பேச்சில் நடக்கிறது என்றால் ஒன்றைக் கூட்டிச் சொல்வது. அதனால்தான் பெண்வீட்டார் முடிந்ததைச் சொல்வார்கள், மாப்பிள்ளைவீட்டார் நடப்பதைக் கேட்பார்கள். இங்கே எப்படியோ. கார்த்திகைக்கு இன்னும் நாலு மாதம் கிடந்தது. கேட்கமாட்டார்கள், கேட்டாலும் வாயால் சொன்னால் போதும் என்று தன்னைத் தேற்றி, கையில் தந்த இலக்கத்துண்டோடு வாங்கின் நுனியில் இருந்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து இருந்தார்கள். சந்தன சவர்க்காரத்தின் மணம். திரும்பாமலே தெரிந்துவிட்டது.

“நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?” என்றார் ரீச்சர்.

மாக்ரெட்டின் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்ததாகத் தவமலர் சொன்னாள். ரீச்சர் மாமியைத் தேடி மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். நீங்கள் எப்படி இந்தப் பக்கம் என்று தவமலர் கேட்கவேண்டி வந்தது. அந்தோனியார் கோயிலுக்கு வந்தவராம். கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சைவக்காரரும் போவார்கள்தான், ஆனால் செவ்வாய்க்கிழமைதான் போவார்கள். வியாழக்கிழமை ரீச்சர் வந்து நின்றால் அந்தோனியாருக்கே என்னவோ ஏதோ என்று இருந்திருக்கும்.

அதற்குள் இலக்கத்துண்டு கொடுக்கிற பெண் வந்து, ரீச்சரின் நரையைப் பார்த்து ஒரு கேள்வியும் இல்லாமல் கையில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். ஒற்றுப்பார்க்க வந்தேன் என்று சொல்லமுடியுமா? ரீச்சர் துண்டை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுச் சுவரில் இருந்த அறிவித்தலைப் படித்தார். முதலில் தமிழில். பிறகு, சரிபார்ப்பதற்காக, சிங்களத்திலும்.

தவமலருக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. ஓடினால் இடதுபக்கமும் கூடத்தானே ஓடிவரும். அடுத்த கிளினிக் ஐப்பசியில் என்று முன்னால் இருந்தவர்கள் கதைத்துக்கொண்டார்கள். இலக்கம் கூப்பிட்டார்கள். அவளுடையது.

மேசையடியில் இருந்த தாதி நந்தா மிஸ்ஸி. சிங்களத்தி, கொட்டாஞ்சேனையில் பிள்ளைப்பேறு பார்த்துப் பார்த்துத் தமிழ் பழகியவர். தலை நிமிராமல், “வயச கீயத?” என்றார்.

“முப்பத்தைந்து.”

முதுகுக்குப் பின்னால், முதலாம் வாங்கில், ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது. ரீச்சர் எப்போது முன்வாங்குக்கு மாறினாரோ தெரியாது.

மிஸ்ஸி கையை நீட்டி ஐசி கேட்டார். வயது கேட்டால் இந்தப் பெண்கள் ஒருத்தியும் உண்மை சொல்வதில்லை, அதனால் பார்த்துத்தான் எழுதுவது என்றும் சொன்னார். தவமலர் நீட்டினாள். பழக்கதோஷத்தில் பெருவிரல் அதன் இடத்திலேயே இருந்தது. மிஸ்ஸி, சோற்றில் கிடக்கிற கல்லை எடுப்பதுபோல, அந்த விரலைத் தன் இரண்டு விரலால் எடுத்து அப்பால் வைத்தார்.

“அறுபத்தஞ்சு, நவம்பர். இப்ப ஜூலை. முப்பத்தி நாலுதானே நோனா.”

“முப்பத்தைந்து நடக்குது, மிஸ்ஸி.”

“நடக்கிறது வேற, முடியிறது வேற.”

நாலு மாதம்தானே என்று தவமலர் கெஞ்சினாள். அப்படியென்றால் நாலு மாதம் கழித்து வரலாமே என்றார் மிஸ்ஸி. போனமுறையும் ஒருத்திக்கு விட்டுக்கொடுத்ததற்குப் பேச்சு வாங்கினாராம். வந்திருக்கிற கூட்டத்துக்கே டொக்டருக்கு நேரம் காணாதாம். நாலு மாதம் கழித்து நான், என்று தொடங்கிய தவமலர் அதற்குமேல் போகமுடியாமல் நின்றாள். ஆனால் மேசையை விட்டு நகரவில்லை. இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை நெருக்கியது. மிஸ்ஸிக்குப் பொறுமை போய்விட்டது. மறைப்புக்கு அப்பால் நின்ற உதவிக்காரிக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, தன்னிடம் இருந்த தமிழில் சொன்னார்:

“இவவ அனுப்புங்க. இந்த நோனா இன்னும் வயசுக்கு வரல்ல.”

ஒரு மூலையில் ஒருத்தி களுக் என்றாள். பிறகு எல்லோரும். அங்கே வந்திருந்த அத்தனை பெண்களும் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு காலையிலிருந்து இருந்தவர்கள். சிரிக்க ஒரு சாட்டுக் கிடைத்ததும் விடவில்லை. அப்ப சடங்குக்கு எங்களுக்கும் சொல்லி அனுப்புங்க என்றாள் பழனியம்மா என்ற கிராண்ட்பாஸ் பக்கத்துப் பெண். தாய்மாமன் வந்திருக்கிறாரா என்று கேட்டாள் இன்னொருத்தி. தான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்காத மிஸ்ஸியும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார்.

ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ரீச்சர் கழித்துக்கொண்டிருந்தார். சாதகத்து எழுபதிலிருந்து அட்டையின் அறுபத்தைந்து போக ஐந்து. அது ஒன்றும் கஷ்டமான கணக்கல்ல.

தவமலருக்கும் விளங்கிவிட்டது. கலியாணத்துக்கு வயது கூடிப்போயிற்று. கிளினிக்குக்கு வயது காணாது. ஒரே அட்டை, ஒரே இலக்கம். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. இனிப் பொத்திவைக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது.

“மிஸ்ஸி” என்றாள். சிரிப்பில் அது கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னாள். “மிஸ்ஸி, எனக்கு இடப்பக்கம் கட்டி இருக்குது.”

சொல்லும்போது அவள் கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டது. மிஸ்ஸியின் பேனை நின்றது. முன்வாங்கில் சிரிப்பு அணைந்தது, பிறகு அதற்குப் பின்வாங்கில், அதற்கும் பின்னால்.

எத்தனை நாளாக என்று மிஸ்ஸி கேட்டார். சித்திரையிலிருந்து என்றாள்.

“அனே நோனா. கட்டி இருக்கிற ஆளுக்கு எதுக்கு வயசு? இருபது எண்டாலும் பாப்போம். இந்தக் கணக்கு ஒண்ணும் இல்லாத ஆக்களுக்கு.”

அவ்வளவுதான் விசயம். அந்த முப்பத்தைந்து, சுகமாய் இருக்கிறவர்களுக்குப் போட்ட எல்லை. வருத்தக்காரிக்கு அங்கே எல்லையே இருக்கவில்லை. வந்ததும் வராததுமாக அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் ஐசி வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை, மண்டபம் சிரித்திருக்காது, ரீச்சருக்குக் கழிக்க ஒன்றும் கிடைத்திருக்காது. சித்திரையில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் சொல்லியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். மிஸ்ஸி எழுந்துவந்து அவளைத் தோளில் பிடித்து, இலக்கம் பார்க்காமல், மறைப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். அக்குளையும் பார்த்தார், கழுத்தையும் பார்த்தார். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும்போது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்க்கமுடியவில்லை. ஒரு துண்டு எழுதினார். திங்கட்கிழமை காலை, மகரகம. பிந்தவேண்டாம். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகவும்.

வெளியே வெயில். படியில் நின்று துண்டை மடிக்க மடிக்க அது சின்னதாகிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் ரீச்சர் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தார். வரிசையில் மாட்டுப்பட்டவரை டொக்டர் விடவில்லை.

“எனக்கு ஒண்டுமில்லையாம்” என்றார், எழுதாத சோதனையில் சித்தியடைந்தவர் போல.

இருவரும் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தார்கள். ரீச்சர் கதைக்காமல் அவ்வளவு தூரம் நடந்ததைக் கண்டவர்கள் யாரும் இல்லை. குடையைத் தவமலரின் பக்கம் சரித்துப் பிடித்திருந்தார். தரிப்பில் வந்து நின்றதும் சொன்னார்:

“நான் ஜெகனுக்குச் சொல்லத்தானே வேணும், பிள்ளை.”

“என்னத்தைச் சொல்லப்போறியள்?”

“உள்ளதை.”

“உள்ளது ரெண்டு கிடக்குது, ரீச்சர். எதை?”

ரீச்சர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். தவமலர்தான் சொன்னாள். வயதைச் சொல்லட்டும், மற்றதைச் சொல்லவேண்டாம். தனக்காக இல்லை. வீட்டில் தர்சினி இருக்கிறாள். சித்தி மகரகமவுக்குப் போனவள் என்று இன்றைக்குப் பேர் விழுந்தால் பத்து வருசம் கழித்தும் அது வாசலில் நிற்கும். வயதை ஒளித்தார்கள் என்பது ஒரு மாதப் பேச்சு. இன்றைக்கே முறிந்தால்தான் பேச்சு வயதோடு நிற்கும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு முறிந்தால் காரணத்தைத் தேடுவார்கள். இவ்வளவையும் அவள் அழாமல், ஒரு சாமான்பட்டியல் சொல்வதுபோலச் சொன்னாள்.

ரீச்சர் யோசித்தார். பிறகு, சொல்லலாமா விடலாமா என்ற தயக்கத்தோடு, வயது மட்டும் என்றால் ஜெகன் கலியாணத்தை விடமாட்டானே என்றார். ஏன் விடமாட்டான் என்பதையும் சொல்லவேண்டி வந்தது. ஜெகனுக்கு முப்பத்தாறு என்று சொன்னதும் சும்மா சொன்னதுதான். நாற்பது. அவர்கள் பக்கமும் சாத்திரியார்தான் எழுதினாராம்.

தவமலர் ரீச்சரைப் பார்த்தபடி நின்றாள். சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறொன்றாய் மாறியது. இரண்டு பக்கமும் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் பொருந்தியிருக்கும்.

“அப்ப எனக்கு நாப்பது எண்டு சொல்லுங்கோ.”

“நாப்பது நம்பமாட்டினம். முகத்தைப் பாத்த சனம். முப்பத்தெட்டு.”

“முப்பத்தெட்டு காணாது. முறியாது, திரும்பிக் கேப்பினம்.”

பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்தவள் இந்தப் பேரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் ஒன்று வந்து நின்று போனது. ரீச்சர்தான் கடைசியில் தீர்த்தார்.

“நாப்பது நடக்குது எண்டு சொல்லுறன். நம்பிறவைக்கு நாப்பது, நம்பாதவைக்கு முப்பத்தொன்பது.”

ரீச்சர் சொன்ன சொல் தவறாதவர். அன்று பின்னேரம் மேல்மாடியில் நாற்பதாக இருந்தது, கீழே இறங்கும்போது நாற்பத்தொன்றாகி, கடற்கரை முனையில் நாற்பத்துமூன்றாக நின்றது. நாகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். ஐந்து வருசம் பாடுபட்டுக் குறைத்த வயதை ஒரே பின்னேரத்தில் யார் ஏற்றிவிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கோபத்தில் தங்கச்சியின் ஐசியை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறி, அறுபத்தைந்து என்று போட்டிருப்பதை ரீச்சரின் மூக்குக்கு முன்னால் காட்டினாள். சாதகத்தில் எழுபது என்று எழுதுவித்தவள் தானேதான் என்பது காட்டியபிறகுதான் ஞாபகம் வந்தது. ஐசி எடுக்கும்போதும் குறைத்துத்தானே கொடுத்திருப்பீர்கள் என்று ரீச்சர் கதவைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஜெகதீஸ்வரனின் அழைப்பு வந்தது. மாக்ரெட் ரிசீவரைத் தவமலரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். பெரியம்மா சொன்னது உண்மையோ என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஓம், உண்மைதான்” என்றாள்.

“அப்பிடியெண்டா நானும் ஒண்டு சொல்லோணும்” என்று அவர் தொடங்கினார். அவர் அதைச் சொல்லி முடித்தால் தன்னால் இதை முறிக்க ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ரிசீவரை வைத்துவிட்டாள். அது திரும்ப அடித்தது. அடித்து ஓயும்வரைக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்றாள்.

திங்கட்கிழமை காலை அக்கா முகம் கொடுக்கவில்லை. கூட வர ஆள் இல்லை, கேட்கக்கூடியவர்களிடம் கேட்கமுடியாது. நுகேகொடைக்குப் போய் அங்கிருந்து பஸ் மாறவேண்டும். தவமலர் கைப்பையை இடதுபக்கமாக அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஒழுங்கையில் தண்ணீர்க் குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். கலியாணம் முறிந்த மறுநாள் இவ்வளவு வெள்ளென எங்கே வெளிக்கிட்டாள் என்று அவர்களுக்கு அறியவேண்டியிருந்தது. ஒருத்தி அவள் முகத்தை உற்றுப்பார்த்து, ஆள் நல்லாய் மெலிந்துபோனாள், ஏதும் வருத்தமோ என்று கேட்கத் தொடங்கினாள்.

மேல்மாடி யன்னல் திறந்தது.

“வருத்தமோ?” என்றார் சரோஜினிதேவி ரீச்சர், ஒழுங்கை முழுக்கக் கேட்க. “இன்னொரு சாதகம் எழுதுவிக்கப் போறாவாக்கும். இந்தமுறை இருவத்தைஞ்சு.”

குழாயடி சிரித்தது. அந்தச் சிரிப்பில் கேள்வி கரைந்துபோய்விட்டது. தவமலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரிப்பு முதுகில் பட்டுக்கொண்டிருக்கும்வரைக்கும் பயமில்லை என்று, அது தேயுமுன் காலி வீதியைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.